சோப்பு நுரை போகாத தண்ணீர்

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் என் வீட்டுக்காரர் எழுதிய ஒரு கடிதத்தில், "நீ குளிக்கிறப்ப சோப்பு நுரை சீக்கிரம் போயிருதா, இல்ல எவ்வளவு தண்ணி ஊத்துனாலும் வழுவழுன்னு நிக்குதா?" என்று கேட்டிருந்தார். அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். அவருக்குக் கோயமுத்தூரில் ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. எனக்கு மலை மேலே கட்டபெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அரசாங்கத் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மேலே ஏறி வருவார், ஞாயிறு மத்தியானம் இறங்கிப் போய்விடுவார். கடிதத்தில் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்பதற்கு மேல் போகாத மனுஷர் திடீரென்று என் குளியலைப் பற்றிக் கேட்டதும் எனக்குக் கன்னம் சூடாகிவிட்டது. யோசித்து, கொஞ்சம் அழகாகவே பதில் எழுதினேன். இங்கே ஊற்றுத் தண்ணீர், நுரை போகவே போகாது, கையிலும் காலிலும் வெகு நேரம் வழுக்கிக்கொண்டே இருக்கும் என்று.

அடுத்த சனிக்கிழமையே வந்து நின்றார். மாதக் கடைசிகூட இல்லை. கையில் கம்பளியால் சுற்றிய ஒரு தூக்குப்போசி. நான் அல்வாவாக இருக்கும் என்று நினைத்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே ஆறு மீன்.

"தண்ணி சாஃப்ட்டுன்னு நீயே எழுதிட்டியே புள்ள," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். அவை சிக்லிட் என்ற இனத்தில் குள்ள வகை. சுண்டுவிரல் நீளம் வந்தால் அதிகம். கடைக்காரர்கள் 'ராம்' என்பார்கள். மஞ்சள் உடம்பில் நீலப் பொட்டுகள் தூவினாற்போல இருக்கும். சிவந்த கண்ணின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. பெண்ணுக்கு மட்டும் வயிற்றில் ரோஜா நிறம். மெட்ராஸிலிருந்து வரவழைத்து இரண்டு வருஷமாகக் கோயமுத்தூர் வீட்டில் வைத்திருந்தார். அவை முட்டையும் போட்டன. ஆனால் ஒவ்வொரு தடவையும் முட்டையெல்லாம் வெள்ளை பூத்து அழிந்துபோயின. போர்த் தண்ணீர் உப்பு, அதுதான் காரணம் என்று லைப்ரரியில் ஏதோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருக்கிறார். மழைத் தண்ணீர் போல மெல்லிய தண்ணீர் வேண்டுமாம். அந்தத் தண்ணீர் இருக்கும் ஊரில் தனக்கு ஒரு மனைவி இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"இது எந்த நாட்டு மீனுங்க?" என்று கேட்டேன்.

"தென் அமெரிக்கா. சூடு வேணும். இருபத்தெட்டு டிகிரி."

"ஏனுங்க, இங்க காலைல பல்லு தந்தியடிக்குது. இருபத்தெட்டு டிகிரிக்கு நான் எங்க போவேன்?"

"அதுக்குத்தான் ஹீட்டர் வாங்கியாந்திருக்கேன்."

எனக்கு மீன் வளர்க்கத் தெரியுமா, பிடிக்குமா என்று அவர் கேட்கவில்லை. சோப்பைப் பற்றித்தான் கேட்டார். தொட்டி பின்னாலேயே உர லாரியில் வந்துகொண்டிருந்தது. இரும்புச் சட்டத்தில் புட்டிப் பசை வைத்துக் கண்ணாடி பொருத்திய பெரிய தொட்டி. என் குவார்ட்டர்ஸில் இருந்ததே ஒரு முன்னறை, ஒரு சமையலறை. முன்னறையில் பாதியைத் தொட்டி எடுத்துக்கொண்டது. ஞாயிறு மத்தியானம் கிளம்பும்போது ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் கொடுத்தார். அதில் நான் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை எல்லாம் இருந்தன. நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதிப் போடுவதைப் போலவே, முக்கியமானவற்றுக்கு அடியில் கோடு போட்டிருந்தார். கதவை அடித்துச் சாத்தாதே. தொட்டிக்கு எதிரே நின்று சேலை உதறாதே.

எங்கள் எஸ்டேட்டுக்கு வரும் மின்கம்பிக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் அப்படி என்ன பகையோ, காற்று கொஞ்சம் பலமாக வீசினால் ஒரு கிளை போய்க் கம்பி மேல் விழும். கரண்ட் போனால் ஹீட்டர் போகும். ஹீட்டர் போனால் தொட்டித் தண்ணீர் மெல்ல மெல்ல மலைத் தண்ணீராக மாறும். நான் தொட்டிக்கு என் ரஜாயைப் போர்த்திவிட்டு, டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கிய காலி மருந்து பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி மிதக்கவிடுவேன். அது ஒரு மணி நேரம் தாங்கும். அதனால் இன்டர்வெல் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி, பாட்டில் மாற்றி, மூச்சு வாங்கத் திரும்பி வருவேன். சில நாள் வாய்ப்பாடு சொல்லவிட்டு நடுவிலும் ஓடியிருக்கிறேன்.

ஹெட்மாஸ்டர் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், ஊட்ல யாராச்சும் ஒடம்பு சரியில்லாம இருக்காங்களா?" என்று கேட்டார்.

"மீனுங்க சார்."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் வீட்டைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

வந்த ஆறில் இரண்டு முதல் வாரமே செத்தன. பிறகு ஓர் ஆண் இன்னோர் ஆணைத் துரத்தித் துரத்தி மூலையில் ஒடுக்கிக் கொன்றது. மிஞ்சியது ஓர் ஆண், இரண்டு பெண். அதில் ஒரு பெண்ணோடு ஆண் ஜோடி சேர்ந்து, தட்டைக் கல் ஒன்றை இரண்டுமாக வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தன. என் வீட்டில் எதையும் யாரும் அவ்வளவு சுத்தமாகத் தேய்த்ததில்லை. ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கல் முழுக்க முட்டை, கசகசா தூவினது போல. எனக்கே சந்தோஷமாக இருந்தது. உட்கார்ந்து கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்து பார்த்தால் கல் காலி. இரண்டும் தின்றுவிட்டு எதுவும் நடக்காதது போல நின்றுகொண்டிருந்தன.

அவரிடமிருந்து பதில் வந்தது: "நீ பயமுறுத்தியிருப்ப."

இரண்டாவது தடவை போட்ட முட்டை கரண்ட் இல்லாத ஒரு பகலில் வெள்ளை பூத்தது. மூன்றாவது தடவை பொரித்தே விட்டது. குஞ்சு என்று சொல்ல முடியாது, வாலும் கண்ணுமாக நூல் நூலாகத் துடித்தன. தாயும் தகப்பனும் அவற்றை வாயில் அள்ளி மணலில் பறித்த ஒரு குழியில் கொண்டுபோய்த் துப்பின. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மறுநாள் காலை தகப்பன் அள்ளியது, துப்பவில்லை. என் கண் எதிரிலேயே ஒவ்வொன்றாக விழுங்கியது. அதையும் எழுதினேன்.

"நீ தொட்டிக்கிட்ட வேகமா நடந்திருப்ப," என்று பதில்.

நான் வேகமாக நடக்கிறவள்தான். அது பிடிக்காதென்றால் அவர் பெண் பார்க்க வந்த அன்றே என்னை நடக்கவிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லைனிலிருந்து ஒருவர் மனு எழுதிக் கேட்டு வந்தார். எங்கள் எஸ்டேட்டில் வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் சிலோன் தோட்டங்களிலிருந்து ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டு, மண்டபம் கேம்ப் வழியாக வந்தவர்கள். அவர்களுக்கு எப்போதும் ஏதாவது ஒரு மனு எழுத வேண்டியிருக்கும். இவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வந்த முதல் வருஷமே தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது வடிகாலில் சறுக்கி விழுந்து கால் முறிந்து, எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. மலைச்சரிவில் நிற்க முடியாது. மனைவி கொழுந்து எடுக்கப் போவார், இவர் லைன் வீட்டில் அடுப்பு மூட்டி ஆப்பமும் டீயும் போட்டு ஆட்களுக்குக் கொடுப்பார். மனைவியின் தம்பி குடும்பம் இன்னும் அங்கே ஹட்டன் பக்கம் கப்பலுக்குக் காத்திருந்தது. அதற்காகத்தான் மனு.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் ரஜாய் போர்த்திய தொட்டியைப் பார்த்தார். ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"டீச்சரம்மா, இதுகளுக்குக் குளிருது."

"தெரியும்ண்ணா."

"தெரிஞ்சா வச்சிருக்கீங்க?"

பேனாவை மூடி வைத்துவிடலாம் போல இருந்தது எனக்கு. வெந்நீர் பாட்டில், ஹீட்டர், மரக்கிளை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க காம்பராவுல கொண்டாந்து வைங்க. விடியக் காலையில மூட்டுற அடுப்பு, அணையிறதே இல்ல," என்றார். காம்பரா என்பது லைனில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் ஒற்றை அறை. நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தொட்டி என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரருடையது. நோட்டில் 'புகை ஆகாது' என்று கோடு போட்டிருந்தது.

ஆடி மாதம் காற்றும் மழையும் ஒன்றாக வந்து நாலு நாள் கரண்ட் இல்லை. ஜோடி சேராத பெண் மீன் மூன்றாம் நாள் மல்லாந்தது. மற்ற இரண்டும் அடியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்து செவுளை மட்டும் அசைத்தன. நான் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டுக் குடையோடு லைனுக்குப் போனேன். நாலு ஆட்கள் வந்து தொட்டித் தண்ணீரைப் பாதி இறைத்து, மரச்சட்டத்தில் வைத்துத் தூக்கினார்கள். அவர் பின்னால் நொண்டிக்கொண்டே, "சரியாப் புடி, அங்கிட்டு மேடு, மெதுவா," என்று ஊர்வலம் போல நடத்திக்கொண்டு வந்தார்.

அவர் மனைவி வாசலில் நின்று பார்த்தார். பேச்சுக் குறைந்த மனுஷி.

"எம்புட்டு நாளைக்கு டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

"மழ நிக்கிற வரைக்கும்."

மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அது அங்கே இருந்தது.

அடுப்புச் சுவரை ஒட்டிய பெஞ்சில் வைத்தார்கள். மேலே கண்ணாடி மூடி, மூன்று பக்கமும் சாக்கு. ஹீட்டர் கிடையாது, லைனில் கரண்ட்டே கிடையாது. நான் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் இருபத்தெட்டு. அதற்கடுத்த நாள் இருபத்தெட்டு. என் வெந்நீர் ஓட்டங்களை நினைத்து எனக்கு அழுகை வந்தது. நோட்டை லைன் அண்ணனுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தேன். தலையாட்டிக் கேட்டார். நோட்டைப் பத்திரமாக விட்டத்தில் செருகி வைத்தார். அது அங்கேயே இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் போனபோது தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. உள்ளே காய்ந்த கொய்யா இலைகள் மிதந்தன.

"என்னண்ணா இது?"

"எல போட்டேன்."

"எதுக்கு?"

"கொளத்துல எல கெடக்காதாங்க? இது என்ன, ஆசுபத்திரியா, இம்புட்டு சுத்தமா வைக்க?"

முன் கண்ணாடியிலும் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார். மீனே தெரியவில்லை. சாக்கைத் தூக்கப் போனேன்.

"வேணாம் டீச்சரம்மா. முட்ட வைக்கிற எடத்துல ஆள் வந்து வந்து மொறைச்சுப் பாத்தா அதுகளுக்கு என்னான்னு இருக்கும்?"

"பாக்கறதுக்குத்தானே மீன் வளக்கிறது?"

"அப்ப குஞ்சு எதுக்குக் கேக்குறீங்க?"

அவரோடு பேசி நான் ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள் அந்தக் காம்பராவில் போய் வாயடைத்து நிற்பேன். திரும்பி மேடேறி வரும்போது எனக்கு நானே சத்தம் போட்டுப் பதில் சொல்லிக்கொண்டு வருவேன்.

மாதக் கடைசியில் என் வீட்டுக்காரர் வந்தார். தொட்டி இடம் மாறியதைக் கடிதத்தில் சொல்லியிருந்தேன். இலையைச் சொல்லவில்லை. பையைக்கூட வைக்காமல் லைனுக்கு நடந்தார். காம்பராவுக்குள் குனிந்து நுழைந்து, தொட்டியின் பக்கவாட்டில் தெரிந்த தண்ணீரைப் பார்த்ததும் அவர் குரல் உடைந்துவிட்டது.

"இதென்ன தொட்டியா, டீக்கடையா?"

"ரெண்டுந்தான் சார்," என்றார் அவர், அடுப்பிலிருந்து ஆப்பத்தை எடுத்துக்கொண்டே. "உக்காருங்க, தேத்தண்ணி குடிங்க."

என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. நோட்டைக் கேட்டார். விட்டத்தைக் காட்டினார்கள். தெர்மாமீட்டரைப் பார்த்தார், இருபத்தெட்டு. பிறகு முன்சாக்கை ஒரு விரல் அகலத்துக்குத் தூக்கிக் கண்ணை வைத்தார். வெகு நேரம் அப்படியே நின்றார். நான் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கல் மேல் முட்டை, தேன் நிறத்தில். ஒன்றில்கூட வெள்ளை இல்லை. பெண் மீன் அதன் மேல் நின்று செட்டையால் விசிறிக்கொண்டிருந்தது.

"எப்ப போட்டுச்சு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நேத்து. மூடுங்க சார்."

அவர் உடனே மூடிவிட்டார். கல்யாணமானதிலிருந்து நான் எத்தனையோ தடவை 'மூடுங்க' என்று சொல்லி எந்தக் கதவையும், எந்தப் பாட்டிலையும், எந்தப் பெட்டியையும் மூடாத மனுஷர் அவர்.

குஞ்சு பொரித்து, ஐந்தாறு நாளில் நீந்த ஆரம்பித்தன. சாக்கின் ஓரத்தில் பார்த்தால் தகப்பன் முன்னால் போக, பின்னால் தூசி மேகம் போல ஒன்று நகரும். விழுங்கவில்லை. விலகிப்போன குஞ்சை வாயில் கவ்விக் கூட்டத்தில் துப்பியது. அரிசி கழுவிய தண்ணீரை நாலு நாள் வைத்துப் புளிக்கவிட்டு லைன் அண்ணன் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். பாசி பிடித்த கற்களை ஓடையிலிருந்து கொண்டுவந்து போட்டார், குஞ்சுகள் அதை மேய்ந்தன. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வைத்துப் பிழிவது மட்டும் என் வேலை. கொஞ்சம் அதிகமாகப் பிழிந்தால் அவர் தலையை ஆட்டுவார். அது போதும் எனக்குக் கோபம் வர.

அந்த நேரம் பார்த்து மண்டபத்திலிருந்து கடிதம் வந்தது. நான் எழுதிய மனுவாலோ, அல்லது முறை வந்தோ, மனைவியின் தம்பி கப்பலேறிவிட்டார். கேம்பில் இருக்கிறார். அடுத்த வாரம் எஸ்டேட்டுக்கு வருகிறார். தம்பி, அவர் மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். புது ஆட்களுக்குக் காம்பரா ஒதுக்க இரண்டு மாதமாவது ஆகும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதுவரை இவர்களோடுதான் இருக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. அதில் அடுப்பு, பெஞ்சு, தொட்டி. இவர்கள் இருவர்.

"தொட்டியத் தூக்கணும் டீச்சரம்மா," என்றார் அவர். முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

நான் கொதித்துப் போனேன். ஆவணி மாத மழைக் குளிர். என் முன்னறைக்குக் கொண்டுபோனால் மறுநாள் காலைக்குள் அத்தனை குஞ்சும் போய்விடும். எத்தனை தடவை தோற்று, ஓடி, ஏச்சு வாங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது! நான் அவரிடம் பேசாமல், கூடையை இறக்கிவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியிடம் திரும்பினேன்.

"ஏனக்கா, ஒரு ரெண்டு வாரம் அவங்க கேம்ப்லயே இருந்துட்டு வர முடியாதுங்களா? ரெண்டே வாரம். பொறுத்தா குஞ்சு தேறிரும்."

அந்த அம்மா கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்து, சுருட்டி, ஆணியில் மாட்டினார்.

"எழுதிப் போட்டதுல இருந்து பதினோரு வருசம் பொறுத்துட்டாங்க டீச்சர்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

நான் வெளியே வந்து மேடேறினேன். நான் சொன்ன வார்த்தை எனக்கே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. வீட்டைத் திறந்தேன். முன்னறை தொட்டி போனதிலிருந்து காலியாகத்தான் கிடந்தது. நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன். பிறகு விளக்குக்கூடப் போடாமல் திரும்ப லைனுக்கு இறங்கினேன்.

"அக்கா, உங்க தம்பி குடும்பம் எங்கூட்டுல இருக்கட்டும்," என்றேன். "தொட்டி இங்க இருக்கட்டும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "சார் என்னா சொல்லுவாங்க?" என்று கேட்டார் அவர்.

"அவரு மீனக் கொண்டாந்தப்ப எங்கிட்டக் கேட்டாரா?"

அப்படி ஐந்து பேர் என் முன்னறைக்கு வந்தார்கள். அந்த இரண்டு மாதத்தை நான் பெருந்தன்மையோடு கழித்தேன் என்று எழுதினால் அது பொய். தம்பியின் மனைவிக்குச் சும்மா இருக்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை பெருக்குவார். உப்பு ஜாடியை ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் வைப்பார். நான் தேடுவேன், அவர் மன்னிப்புக் கேட்பார், மறுநாள் மாற்றி வைப்பார். தம்பி வாசல்படியில் உட்கார்ந்து யாராவது போனால் எழுந்து நிற்பார், ஹெட்மாஸ்டர் போனாலும், தபால்காரர் போனாலும். சின்னப் பெண்ணுக்கு ஐந்து வயது. அங்கே விட்டுவிட்டு வந்த நாயைப் பற்றித் தினமும் என்னிடம் கேட்கும். "டீச்சர், அது எப்ப கப்பல்ல வரும்?" முதல் நாள் அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் சாக்பீஸ் கொடுத்தேன். அது முன்னறைச் சுவர் முழுக்க நாய் வரைந்தது.

என் வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்து கதவைத் தட்ட, தம்பி திறந்து, எழுந்து நின்றபடியே, "யாரு வேணும் சார்?" என்று கேட்டிருக்கிறார்.

சமையலறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அவருக்குப் பாய் போட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்," என்றார்.

"நீங்க மீன் கொண்டாந்தப்ப நான் என்னங்க சொன்னேன்?"

"நீ நிறையச் சொன்ன."

"வெச்சுக்கிட்டேனில்ல?"

அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மறுநாள் காலை தம்பியைக் கூட்டிக்கொண்டு லைனுக்குப் போய்க் குஞ்சுகளைக் காட்டிவிட்டு வந்தார். வரும்போது இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

தம்பி குடும்பத்துக்குக் கடைசியில் எங்கள் எஸ்டேட்டில் இடம் கிடைக்கவில்லை. கூடலூரைத் தாண்டி, சேரம்பாடி பக்கம் இருக்கும் சேரங்கோட்டுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. போகிற அன்று தம்பியின் மனைவி என் சமையலறைப் பாத்திரம் முழுவதையும் தேய்த்து அடுக்கிவிட்டுப் போனார். கரண்டியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. சுவரில் இருந்த நாய்களை நான் அழிக்கவில்லை. வெள்ளையடிக்க வந்த ஆள் அழித்தார்.

குஞ்சுகள் நாற்பத்தொன்று தேறின. கண்ணில் கோடு விழுந்து, பக்கத்தில் நீலம் மின்ன ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் இருபதைக் கோயமுத்தூருக்கு எடுத்துப் போனார். அந்த மே மாத லீவில் நான் கீழே இருந்தபோது அவருடைய மீன்கார நண்பர்கள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். "ராமுல குஞ்சு எடுக்கறது லேசுப்பட்ட காரியமில்லீங்க. எப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நான் மலைல வெச்சுப் பண்ணுனதுங்க," என்றார். நான் காப்பி டம்ளர்களை மேஜை மேல் சத்தம் வரும்படி வைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "கொய்யா எல போட்டனுங்க," என்று சேர்த்துக்கொண்டார்.

கல்யாணமான வருஷத்திலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த டிரான்ஸ்பர், தொட்டி லைனுக்குப் போய் இரண்டாம் வருஷம் முடிகிற சமயம் வந்தது. கோயமுத்தூர் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். தந்தி கொடுத்தேன். வந்த கடிதத்தில் 'மிக்க சந்தோஷம்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'இப்பதான் இரண்டாவது ஜோடி சேர்ந்திருக்கிறது, தண்ணீர் மாற்ற ஊற்றிலிருந்து யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், பரீட்சை முடிந்ததும் வந்தால் போதுமா, யோசித்துக்கொள்' என்று பாதிப் பக்கம். நான் யோசிக்கவில்லை. அந்த வாரமே பெட்டி கட்டினேன்.

லைனுக்குச் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் ஆப்பச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டியை என்ன செய்வது என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். ஒங்களத்தான் யாரு பாத்துக்குவாங்கன்னு தெரியல," என்றார். அவர் மனைவி சிரித்தார். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு நாலு ஆப்பம் கட்டிக் கொடுத்தார்.

நான் கீழே இறங்கியதும் என் வீட்டுக்காரர் மலையேற ஆரம்பித்தார். ஒவ்வொரு மாதக் கடைசிச் சனிக்கிழமையும் தூக்குப்போசியோடு முதல் பஸ். ஞாயிறு மாலை புகை நாற்றம் அடிக்கும் சட்டையோடு திரும்புவார். நாலைந்து மாதம் இப்படிப் போனது. சேர்ந்து இருப்பதற்காக நான் டிரான்ஸ்பர் வாங்கினேன், அவர் அங்கே போய் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று என் அக்காவிடம் சொல்லி அழுதேன். அக்கா, "மீன்தானே, விடு," என்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை போனவர் அன்று மாலையே வந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. காம்பராவில் வேறு குடும்பம் இருக்கிறது. தம்பி இருக்கிற இடத்துக்கே போக வேண்டுமென்று மனைவி மாற்றல் கேட்டு, கிடைத்து, போய்விட்டார்கள். தொட்டியும் போய்விட்டது. எஸ்டேட் லாரியில் சாக்கு சுற்றி ஏற்றினார்களாம், மீன்களைச் சோற்றுப் பானையில் விட்டு அந்த அம்மா மடியில் வைத்துக்கொண்டு போனாராம்.

"அது என் தொட்டி," என்றார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

நான் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டேன். சொல்ல வந்தது நிறைய இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது, என் பேருக்கு. கொட்டை எழுத்தில், அடித்து அடித்து எழுதியிருந்தது. எல்லாரும் சொகம். தம்பி பக்கத்துக் காம்பராவில்தான் இருக்கிறான். அவன் சின்ன மகள் நாய் ஒன்று வளர்க்கிறது, அது தொட்டிக்குக் கிட்டே வராமல் கட்டி வைத்திருக்கிறோம். ஒங்களுக்குச் சொல்லிட்டு வர நேரமில்ல, லாரி வந்து நின்டுச்சு. இங்க குளிர் கம்மி. மீன் மறுபடியும் முட்ட வச்சிருக்கு. சார் வந்தா சாக்க மட்டும் தூக்க வேணாம்னு சொல்லுங்க.

என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் படித்தார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "கூடலூர் போயி சேரம்பாடி பஸ் ஏறுனா எத்தன மணி நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"எனக்கெப்படிங்க தெரியும்?" என்றேன்.

தெரியும். கார்டு வந்த அன்றே விசாரித்து வைத்திருந்தேன்.